கண் போகாத கேட்

தகட்டுக்காரர் வீடு எது என்று பின்ரோட்டில் யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். இரண்டு நீளக் கட்டடங்கள் எதிரும் புதிருமாக நிற்கிற குடியிருப்பு அது. அதில் முதல் மாடியில், பால்கனியை, மேலே காற்றுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டு, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டால் மூடிக்கொண்டு எந்த வீடு நிற்கிறதோ அதுதான். பார்க்கச் சகிக்கவில்லையே என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அது அவருக்கு வீடு மட்டுமில்லை, கடைக்கு விளம்பரமும்கூட. கேட் செய்யக் கேட்டு வருகிறவர்களைக் கையோடு கூட்டி வந்து, கீழே நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்வார்.

"காத்து போகும், கண்ணு போகாது," என்பார். கேட்டுக் கேட்டு அந்த வசனம் தெருவுக்கே மனப்பாடம்.

இந்தத் தகட்டுப் பைத்தியம் அவரைப் பிடித்தது கல்யாணத்துக்கு முன்பே. அப்போது அவர் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டர். அங்கே ஒரு பஸ் முடிந்ததும் அதன்மேல் குழாயைத் திருப்பிவிட்டு, உள்ளே ஆள் உட்கார்ந்து பார்ப்பார்கள். எங்காவது ஒரு சொட்டு இறங்கினால் அந்தத் தகட்டை வைத்தவன் பாடு திண்டாட்டம். பிரித்து மறுபடி வைக்க வேண்டும், மேஸ்திரியின் வாயிலும் விழுந்து எழ வேண்டும். நம் ஆள் வைத்த தகட்டில் சொட்டு இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. இடைவெளி என்றாலே தப்பு என்று அந்த வயதில் மண்டையில் ஏறியது, பட்டறையை விட்டுச் சொந்தமாகக் கடை போட்ட பிறகும் இறங்கவில்லை. பஸ்ஸுக்குச் சரி ஐயா, வீட்டுக்கும் அதேதானா என்று கேட்க அப்போது ஆள் இல்லை. ஜன்னல் கம்பியில் பூ வேண்டும், கொடி வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பூக்கடைக்குப் போகச் சொல்வார். கம்பி போதும் என்கிறவர்களிடம், கம்பிக்கு நடுவில் இருக்கிறது என்ன, ஓட்டைதானே என்பார்.

கடை பின்ரோட்டிலேயே. முன்னால் கட்டிங் மிஷின், பின்னால் வெல்டிங் மிஷின், சுவரில் சாய்த்த தகடுகள், பாதி முடிந்து செம்பழுப்பு பிரைமர் அடித்த கேட்டுகள். நாள் முழுக்கத் தீப்பொறியைப் பார்த்துக் கண் சிவந்து வீட்டுக்கு வருவார். வந்தாலும் பேசமாட்டார். பேசுவதற்குத்தான் மனைவி இருந்தாளே.

அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் அறை அங்கி எல்லாம் உலர்ந்து வந்ததும் பெரிய இஸ்திரி மிஷினில் கொடுத்து வாங்குகிற பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. வேலையை அவள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, அன்றைக்கு மிஷின் எத்தனை பித்தானைத் தின்றது, எந்த வார்டுப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடி வந்தது என்று ஆரம்பித்துவிடுவாள். அவர் உம் கூடக் கொட்டமாட்டார். ஆனால் அவள் வருகிற நேரத்துக்கு டீ போட்டு மூடி வைத்திருப்பார். ஒரே மகன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது அவள் பேச்சு ஒன்றுதான். அது இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததும் இல்லை.

இனி அந்தக் குடியிருப்பின் சந்து எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே, முன்முற்றத்திலிருந்து பின்ரோட்டுக்குப் போகிற வழி அது. பஸ் நிற்பது பின்ரோட்டில் என்பதால் குடியிருப்பில் பாதிப் பேர் அதில்தான் போய் வருவார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் குழாய்கள் ஓடுகிற ஒடுக்கமான இடம், அதைத் தாண்டினால் தரைத்தள வீடுகளின் சமையலறை ஜன்னல்கள். சந்தில் நடந்தால் யார் வீட்டில் பால் தீய்கிறது, யார் வீட்டில் சண்டை என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஜன்னலில் நிற்கிறவர்களுக்கும் போகிறவர் வருகிறவர் கதையெல்லாம் அத்துப்படி. யார் பையில் என்ன, யார் முகம் ஏன் தொங்கியிருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் விடுவார்கள். ஒரு வகையில் தொல்லைதான்.

அப்புறம் முற்றத்திலிருந்து சைக்கிள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கறாரான மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. அவர் தகட்டுக்காரரைக் கூப்பிட்டு, சந்தின் பின்ரோட்டு முனையில் ஒரு கேட் போட்டு, வீட்டுக்கொரு சாவி கொடுக்கச் சொன்னார். கேட் என்றால் தகட்டுக்காரருக்குத் தெரிந்தது ஒரு கேட்தான். விரல்கூட நுழையாதபடி முழுத் தகடு அடித்து நிறுத்தினார். எல்லோரும் தட்டித் தட்டிப் பார்த்து மெச்சினார்கள். வேலியும் இப்படியே இருந்தால் சமையலறையை யாரும் எட்டிப் பார்க்க முடியாதே என்று ஒரு வீட்டம்மா சொல்ல, அவரவர் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற வேலிக்கு அவரவர் தகடு கேட்டார்கள். மாடி வீட்டுக்காரர்களும் பால்கனிக்குக் கேட்டார்கள். கொஞ்ச நாளில் சந்து முழுக்கப் பச்சை. நடுவில் ஒரு விளக்கு. சைக்கிள் திருட்டும் நின்றுபோயிற்று, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடந்தது நல்ல வெளிச்சம் இருக்கிற ஒரு சாயங்காலம். மனைவி பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைச் சாவி போட்டுத் திறந்து உள்ளே கால் வைத்தாள். கேட்டுக்குப் பின்னால், மூலையோடு மூலையாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முற்றத்து வழியாக, யாரோ வீட்டுக்கு வருகிறவன் மாதிரி வந்து நின்றிருக்கிறான். சந்தில் எந்த ஜன்னலும் தெரியாததை எப்போது பார்த்து வைத்தானோ. அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தான். விடுகிறவளா அவள்? பிடித்த பிடியை விடாமல் கத்தினாள். அவன் வேலித் தகட்டோடு தள்ளினான். மணிக்கட்டை ஊன்றி விழுந்தாள், எலும்பு முறிந்தது. அவன் பையோடு கேட்டுக்கு வெளியே போய்விட்டான். கூப்பிடு தூரத்தில், தன் கடையில், தகட்டுக்காரர் வேறொரு வீட்டுக் கேட்டுக்குத் தகடு அறுத்துக்கொண்டிருந்தார். மிஷின் சத்தத்தில் அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

திருடன் அகப்படவில்லை. கடைசி வரை அகப்படவில்லை, அதனால் அவனை இத்தோடு விட்டுவிடலாம்.

நல்லது செய்கிறோம் என்று நினைத்து மனிதன் செய்கிற காரியம் இருக்கிறதே! அடுத்த வாரமே அவர் கேட்டின் உயரத்தை ஏற்றினார், மேலே கூர்முனைகள் வைத்தார், இன்னொரு பூட்டு மாட்டினார். வீட்டு வாசலில் இரண்டாவது கதவு வைத்தார். பால்கனித் தகட்டில் காற்றுக்காக விட்டிருந்த மேல் விளிம்பையும் அடைத்தார். குடியிருப்பே பயந்து கிடந்ததால் கடையில் வேலை குவிந்தது. எல்லோருக்கும் தகடு வேண்டும். சாப்பிட நேரமில்லாமல் உழைத்தார். உழைக்கிற வரைக்கும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை.

மனைவிக்குக் கட்டுப் பிரித்துக் கை சரியானது. பேச்சுதான் திரும்பி வரவில்லை. காலையில் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார், சாயங்காலம் போய்க் கூட்டி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். மிஷின் எந்தப் பித்தானைத் தின்றது என்று ஒருநாள் அவரே கேட்டார், அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக. "எதையும் இல்லை," என்றாள்.

ஒருநாள் ஊர்க்கோடியில் ஒரு வீட்டில் கேட் பொருத்தப் போனவர் திரும்ப நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். அடித்துப் பிடித்துக்கொண்டு பின்ரோட்டுக்கு வந்தார். அவள் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே பத்தடியில் கேட். சாவி அவள் கையிலேயே இருந்தது. அவள் இறங்கிய பிறகு இன்னும் எத்தனையோ பஸ் வந்து போயிருக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரர் அவளுக்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் அவள் உட்காரவில்லை.

"ஏன் இங்கயே நிக்கறே?" என்றார்.

"உள்ள யார் நிக்கறாங்கன்னு தெரியலை," என்றாள். "முன்ரோட்டு வழியா சுத்திப் போலாம்னு பார்த்தேன். என் வீட்டுக்கு நான் ஏன் சுத்திப் போகணும்னு கோபம் வந்துச்சு. இந்த வழியா போகவும் கால் வரலை. அப்படியே நின்னுட்டேன்."

அவர் கேட்டைப் பார்த்தார். உயரமாக, கெட்டியாக, துளி இடைவெளி இல்லாமல் நின்றது. அவருக்கும் உள்ளே யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

அன்றைக்கே அவள் மகனுக்குப் போன் செய்தாள். அம்மா இங்கேயே வந்துவிடு என்று அவன் முதலிலிருந்தே ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடாயிற்று. நீங்களும் வாங்க என்று அவரிடம் சொன்னாள். கடையை என்ன செய்வது என்று அவர் மென்று விழுங்கினார். அவள் வற்புறுத்தவில்லை. பரண்மேல் இருந்த பெரிய பெட்டியை இறக்கித் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அவர் கால் அதில் இடித்தது. அவள் போய்விடுவாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது.

இந்த நிலைமையில் தையல் அக்கா ஆள் அனுப்பினாள். எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறவள், துணி சிறுசு பெருசு செய்து தைத்துக் கொடுக்கிறவள். வேலிக்குத் தகடு போட்டது போதாதென்று இப்போது ஜன்னலுக்கே தகடு வேண்டுமாம். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். பட்டப்பகலில் அந்தச் சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அளவெடுக்க ஜன்னலோரம் நின்றவரிடம், அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"தம்பி, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அன்னிக்கு நான் இதே இடத்துலதான் நின்னு பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். சத்தம் இதோ, இந்தத் தகட்டுக்கு அந்தப் பக்கம்தான். யாருன்னு தெரியலை, என்ன நடக்குதுன்னு தெரியலை. முன்வாசல் வழியா ஓடி, சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. இவ்வளவு கிட்ட இருந்துட்டு வரலையேன்னு அவ நினைச்சிருப்பா இல்ல?"

ஜன்னல் வழியாக எதிரே பார்த்தார். அவர் தகடுதான். அவர் போட்ட வெல்டிங்தான், கோடு இழுத்த மாதிரி நேராக, குழாயைத் திருப்பி விட்டாலும் சொட்டு இறங்காது. அந்த நேரம் தகட்டுக்கு அப்பால் யாரோ நடந்து வந்தார்கள். காலடிச் சத்தம் நேராக எதிரே வந்து நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி நடந்து போயிற்று. யார்? ஆணா, பெண்ணா? எதற்கு நின்றார்கள்? கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு மனுஷர் போகிறார், அவருக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணு போகாது, கண்ணு போகாது என்று எத்தனை வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கிறார்! அவள் விழுந்து கிடந்த இடத்துக்கும் இந்த அக்காவுக்கும் நடுவில் நின்றது அவர் வைத்த தகடு ஒன்றுதான். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"அக்கா, ஜன்னலுக்கு வேண்டாம். வேலியில இருக்கறதையும் எடுத்துடலாம்."

"எடுத்தா போறவன் வர்றவன் எல்லாம் என் அடுப்பைப் பார்ப்பானே."

"பார்க்கட்டும்க்கா. நீங்களும் அவனைப் பார்ப்பீங்கல்ல?"

அக்கா யோசித்தாள். யோசித்துவிட்டு, சரி, ஆனால் கம்பியில் முனை எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, துணி கிழியும் என்றாள்.

அவர் அதோடு நிற்காமல் சங்கத்துக் கூட்டத்திலும் போய் எழுந்து நின்றார். கேட் இருக்கட்டும், பூட்டும் இருக்கட்டும், தகட்டை மட்டும் கழற்றிவிட்டுக் கம்பியாக விட்டுவிடலாம், உள்ளே யார் நிற்கிறார் என்று வெளியே தெரிந்தால்தான் பயம் போகும், அதுதான் பாதுகாப்பு என்றார். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார்கள். ஊரெல்லாம் தகடு அடித்துவிட்டு இப்போது கழற்ற வந்திருக்கிறார், கழற்றியதைத் திரும்ப அடிக்கவும் இவர்தானே வருவார் என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. கூலி வேண்டாம் என்றார். சந்தேகம் அதிகமாயிற்று. செயலாளர் சிரிக்கவில்லை. கேட் போட்ட பிறகு ஒரு சைக்கிளாவது போயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை. அப்படியென்றால் எதற்குக் குட்டையைக் குழப்புகிறாய் என்றார். நியாயமான கேள்விதான். வேலித் தகடு அவரவர் இஷ்டம், கேட் பொது, அதில் கை வைக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தையல் அக்கா வீட்டு வேலியில் ஆரம்பித்தார். வைத்தவரே பிரிக்கிறாரே, சுலபமாக வந்துவிடும் என்று வேடிக்கை பார்த்தவர்கள் நினைத்தார்கள். எங்கே வருகிறது! ஒவ்வொரு வெல்டிங்கையும் அறுத்து, தட்டி, நெம்பி, மறுபடி அறுத்து மத்தியானமாகிவிட்டது. எந்த மடையன் இப்படி வெல்டிங் வைத்தான் என்று வாய்விட்டே திட்டினார். ஜன்னல்களில் சிரிப்பு கேட்டது. கடைசித் தகடு விழுந்தபோது அக்காவின் சமையலறைக்குள் வெயில் போய் விழுந்தது. அவள் விளக்கை அணைத்தாள். மூலையில் கிடந்த தையல் மிஷினைத் தானே இழுத்து வந்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, அன்றைக்கே தைக்க உட்கார்ந்தாள்.

பாதுகாப்பு, பயம் என்று அவர் கூட்டத்தில் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அந்த வெயில் எடுபட்டது. பக்கத்து வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, எங்கள் சமையலறை குகை மாதிரி இருக்கிறது, அதையும் எடுத்துவிடுங்கள் என்றாள். அடுத்து எதிர்வீடு. மனிதர்கள் எதற்கு அசைவார்கள் என்று யாரால் சொல்ல முடிகிறது? கடை வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் தினமும் காலையில் ஒரு வீட்டின் வேலித் தகட்டையோ, மாடியில் பால்கனித் தகட்டையோ பிரித்தார். சந்தில் பச்சை குறைந்துகொண்டே வந்தது. மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். என்ன என்று அவளும் கேட்கவில்லை. பெட்டியில் துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கேட் மட்டும் பாக்கி. அதைத் தீர்த்து வைத்தவர் பால்காரர். ஒருநாள் செயலாளர் பின்ரோட்டிலிருந்து வந்து சாவியை நுழைக்கப் போனவர், உள்ளே யாரோ செருமுவதைக் கேட்டு நின்றுவிட்டார். யார் என்று கேட்டார். நீங்கள் யார் என்று உள்ளேயிருந்து பதில் கேள்வி வந்தது. முதலில் நீ சொல் என்றார் இவர். நீங்கள் முதலில் சொல்லுங்கள் என்றது அது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லோருக்குமே பயம், யாரும் திறப்பதாக இல்லை. கணக்கு வாத்தியார் சாவியோடு வெளியே, அந்த ஆள் உள்ளே, நடுவில் ஒரு தகடு. கடைசியில் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த அக்காதான் தலையை நீட்டிக் குரல் கொடுத்தாள்.

"சார், நம்ம பால்காரர்தான் சார், காலிப் பாத்திரம் எடுத்துட்டுப் போறார். திறங்க!"

மறுநாள் செயலாளர் கடைக்கு வந்தார். அங்கே சாய்த்து வைத்திருந்த கம்பிகளை ரொம்ப நேரம் ஆராய்வதுபோல் பாவனை செய்தார்.

"அந்தக் கேட் தகட்டை எடுத்துடுப்பா," என்றார். "நானா வந்து சொன்னேன்னு வெளியில சொல்லாதே."

அவர் சொல்லவில்லை. பால்காரர் ஊரெல்லாம் சொன்னார்.

மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் சில நாள்தான். கேட்டில் தகடு போய்க் கம்பி வந்த அன்று, அவர் மனைவியிடம், ஒரு நிமிஷம் தையல் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்றார். எதற்கு என்றாள். வா என்றார். அவளைச் சமையலறை ஜன்னலில் அக்காவோடு நிறுத்திவிட்டு, தான் முன்ரோட்டு வழியாகச் சுற்றிப் போய், பின்ரோட்டில் கேட்டுக்கு வெளியே நின்றார். அங்கிருந்து சந்து முழுக்கத் தெரிந்தது, முற்றத்துப் படிக்கட்டு வரைக்கும். திறந்துகொண்டு உள்ளே வந்து, ஜன்னலைத் தாண்டி நடந்து, முற்றத்தில் போய் நின்று, திரும்பி வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றார். பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது முகம்.

"தெரிஞ்சுதா?" என்றார்.

மனைவி கம்பிகளுக்கு நடுவே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கும்போதே தெரிஞ்சுது," என்றாள். "சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு வர முடியாமல் போனதை அக்கா சொன்னதும், எனக்குத் தெரியும்க்கா, உங்க பாத்திரச் சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு என்றாள் மனைவி. அவர் அதைக் கேட்டுக்கொண்டு கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் அப்புறம் மறக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் ஸ்கூட்டரில் ஏறும்போது, சாயங்காலம் வர வேண்டாம், பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்றாள்.

அன்று மத்தியானத்துக்கு மேல் அவருக்கு வேலை ஓடவில்லை. கடையில் இருந்தால் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்போம், அது அவளுக்குப் பிடிக்காது என்று தோன்றியது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். டீ போட்டார். ஆறிவிட்டது, மறுபடி போட்டார். பால்கனிக்குப் போய் நின்றார். அங்கே நின்று என்ன பிரயோஜனம்? கண்ணுக்கு நேரே அவருடைய பச்சைத் தகடு, மேல் விளிம்பு வரைக்கும் அவரே அடைத்தது. கீழே சந்தில் என்ன நடந்தாலும் தெரியாத ஒரே ஆள் அந்தக் குடியிருப்பில் இப்போது அவர்தான். காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றார்.

பஸ் வந்து நின்று போகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள் என்று நினைத்தார். கீழே ஓடிவிடலாமா என்று ஒரு கால் எடுத்து வைத்தார். அப்போது பூட்டில் சாவி திரும்பியது. கேட் திறந்தது, மூடியது. செருப்புச் சத்தம். இரண்டடி வைப்பதற்குள் தையல் அக்காவின் குரல், என்ன இன்னிக்கு இவ்வளவு நேரம் என்று. அதற்கு அவள் ஏதோ சொன்னாள். அடுத்த ஜன்னல், பையில் என்ன, வெங்காயமா, என்ன விலை என்று கேட்டது. எதிர் ஜன்னல், கை எப்படி இருக்கிறது, தூக்க முடிகிறதா, தூக்கிக் காட்டு பார்ப்போம் என்றது. அந்தச் சின்னச் சந்தைத் தாண்ட அவளுக்கு ஒரு யுகமாயிற்று. தகட்டுக்குப் பின்னால் நின்றவர், கண்ணில் தண்ணீர் வழிய, ஒவ்வொரு கேள்வியையும் எண்ணாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"ஒரு மனுஷி நிம்மதியா வீட்டுக்கு வர முடியுதா இங்க? ஏன் லேட்டு, பையில என்ன, வெங்காயம் ஏன் இவ்வளவு வாங்கினேன்னு. கையைத் தூக்கிக் காட்டணுமாம். நடுச்சந்துல நின்னு தூக்கிக் காட்டிட்டு வரேன். அந்தப் பால்காரர் வேற பின்னாடியே வந்து, செயலாளர் கதையை முதல்லேருந்து சொல்றார். இதுல இன்னிக்கு மிஷின் பெரிய டாக்டரோட பித்தானைத் தின்னுடுச்சு, அதை யார்கிட்ட சொல்றது?"

அவர் டீயை நீட்டினார். அவள் வாங்கி ஒரு வாய் குடித்தாள். கைப்பையை வைக்க இடம் தேடியவள், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பையனைச் சும்மா பார்த்துட்டுப் போக வரச் சொல்லுங்க," என்றாள். பிறகு பால்கனிப் பக்கம் போய், தகட்டை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். "முதல்ல இதை எடுங்க. எல்லாரும் என்னைக் கேட்கறாங்க. யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு பார்த்து நானும் நாலு கேள்வி கேட்க வேண்டாமா?"

நாளைக்கு எடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. கட்டிங் மிஷினை எடுத்து வர அப்போதே கடைக்குக் கிளம்பினார். சந்தில் கால் வைத்ததுமே தையல் அக்காவின் ஜன்னலிலிருந்து, எங்க தம்பி கிளம்பிட்டே இந்நேரத்துல என்று கேள்வி வந்தது. பெண்டாட்டிக்கே உம் கொட்டாத மனிதர், நின்று, எங்கே, எதற்கு என்று விவரமாகச் சொன்னார். அடுத்த ஜன்னலும் கேட்டது. அங்கேயும் நின்று, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.